இரண்டு பேருக்கு ஒரு கரவான்

அந்தக் கரவானின் விலையை நான் இதுவரை ஒருவருக்கும் சரியாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம், "ஒரு காருக்குக் கிட்ட வரும்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். எந்தக் கார் என்று அவர்கள் திருப்பிக் கேட்காததால் தப்பினேன். இங்கேயும் எழுதப்போவதில்லை. கை கூசுகிறது.

எங்கள் ஆட்கள் பாரிசில் எதையெதையோ வாங்கியிருக்கிறார்கள். கடை, வீடு, அந்த வீட்டை வாடகைக்கு விட்டு இன்னொரு வீடு. மகள் பெரியவளான சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடித்தவர்களும் உண்டு. அதையெல்லாம் நாலு பேர் வந்து பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், குறை சொல்லிக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, கல்லிலும் சேற்றிலும் ஏறிப்போகிற உயர்ந்த சில்லுகள் பூட்டிய, இரண்டே இரண்டு பேர் படுக்கக்கூடிய கரவானை வாங்குவதற்கு எந்த முறையும் இல்லை. அதுவும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், உணவகக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையல்காரனாக வந்தவன், ஊர்க் காணியில் தன் பங்கை விற்ற காசில் அதை வாங்குவதற்கு.

ஆசை என்னுடையதல்ல. எனக்குப் பெரிதாக ஆசைகள் கிடையாது. பயங்கள்தான் உண்டு. ஆசை மனைவியுடையது.

பாரிசுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில் எங்கள் வீடு நாலாம் மாடி. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து எங்கள் ஹோலில் யாரோ ஒருவருடைய மெத்தை கிடக்கும். முதலில் என் ஒன்றுவிட்ட தம்பிமார். பிறகு மனைவியின் தம்பி. இரண்டாயிரத்து ஒன்பதில் அங்கே எல்லாம் முடிந்த பிறகு, முகாம்களிலிருந்து வெளிக்கிட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தவர்கள். விசா இல்லாதவன், வேலை இல்லாதவன், வேலை இருந்தும் அறை கிடைக்காதவன். எல்லாருக்கும் அவள்தான் சோறு போட்டாள். விடிய எழும்பி சென் தெனியில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய், வந்து சமைத்து, பின்னேரம் திரும்பவும் துப்புரவாக்கப் போவாள். விடுமுறை என்றாலும் நாங்கள் போவது லண்டனில் அண்ணன் வீட்டுக்கு, ஜெர்மனியில் தங்கச்சி வீட்டுக்கு. அங்கேயும் அவளுக்குக் குசினிதான். "உங்கட கைப்பக்குவத்திலை ஒருக்கா" என்பார்கள். ஹோட்டலில் தங்கினால் சொந்தக்காரர் கோபிப்பார்கள்.

ஓகஸ்ட் வந்தால் லூர்து. நாங்கள் சைவம்தான். என்றாலும் எங்கள் ஆட்களில் சைவரோ கிறிஸ்தவரோ, லூர்து மாதாவிடம் போகாதவர் குறைவு. ஒரு வருடம் சொந்தக்காரரோடு வாடகை வான் ஒன்றில் அப்படிப் போகும்போது நெடுஞ்சாலையோர ஓய்விடம் ஒன்றில் வானை நிறுத்தினோம். மனைவி புட்டுப் பார்சல்களைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் உயரமான ஒரு கரவான் நின்றது. வயதான ஒரு பிரெஞ்சுப் பெண் அதன் பக்கத்தில் சின்னத் தாச்சியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அவளும் புருஷனும் மட்டும். சம்பல் கொட்டிய சட்டையைக் கழுவ மனைவி அவர்களிடம் தண்ணீர் கேட்டுப் போனாள். போனவளைக் காணவில்லை. "அக்கா எங்கை? அக்கா எங்கை?" என்று வானுக்குள்ளிருந்து சத்தம் போட்டார்கள். நான் போய்ப் பார்த்தால், கரவானுக்குள் அந்தப் பெண்ணுக்கு முன்னால் கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வானில் ஏறியதும் என் காதுக்குள் சொன்னாள்: "அதுக்குள்ளை ரெண்டு பேருக்குத்தான் இடமாம்."

எதையோ கண்டுபிடித்தவளின் முகம் அது. நான் சரியாகக் கவனிக்கவில்லை. தரிப்பிடக் காசு கட்டினேனா என்ற யோசனையில் இருந்தேன்.

காணி விற்ற காசு வந்தபோது, என்ன செய்யலாம் என்று அவளிடம் கேட்டேன். சும்மா கேட்டதுதான். "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"அந்தக் கரவான்" என்றாள்.

"விசரே உமக்கு? வேணுமெண்டா காம்பிங்கிலை ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுப்பம்."

"காம்பிங்கிலை பக்கத்திலை ஆக்கள். கருவாடு பொரிச்சா மூக்கைப் பொத்துவினம். அந்த மனிசி சொன்னது, அவையின்ரை வண்டி மலையிலை, கல்லுப் பாதையிலை எல்லாம் போகுமாம். தோட்டக்காரரைக் கேட்டிட்டு அவையின்ரை காணியிலை விடலாமாம். தண்ணி உள்ளுக்கை கிடக்கு, வெயில் கரண்டு கூரையிலை கிடக்கு. ஆக்கள் வாற இடத்திலை நிக்கத் தேவையில்லை."

நான் விளம்பரப் புத்தகம் எடுத்துவந்தேன். அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. துலூசில் வேலை செய்கிற மகளுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவள் ரெலிபோனில் எல்லாவற்றையும் பிரெஞ்சில் வேகமாக வாசித்துவிட்டு, "பப்பா, அம்மா கேட்டா வாங்குங்கோ. நீங்கள் யோசிச்சா முடியாது" என்றாள். பிள்ளைகள் எங்களை அறிந்து வைத்திருக்கிற அளவு எங்களுக்கே தெரியாது.

ஒரு பொருளை வாங்குமுன் நாலு பேரிடம் கேட்பது எங்கள் வழக்கம். கேட்காமல் வாங்கினால், பிழையாய்ப் போகும்போது "எங்களிட்டைக் கேட்டனியோ?" என்பார்கள். நான் பயந்தவன் ஆகையால் எட்டுப் பேரிடம் கேட்பேன். அந்தச் சனிக்கிழமை, பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற தெருவான ரூ காயில் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். அரிசி மூட்டை தூக்க மனைவியின் தம்பியும் கூட வந்திருந்தான். கார் கராஜில் வேலை செய்கிறவன். வாகனம் பற்றி அவனைக் கேட்காமல் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சைக்கிள்கூட வாங்குவதில்லை.

கடைக்கார அண்ணை கல்லாவிலிருந்தபடி, "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? லொத்தர் விழுந்ததே?" என்றார்.

"இல்லை அண்ணை. ஒரு கரவான் பாப்பம் எண்டு யோசிக்கிறம்."

"கரவானோ? காணியை வித்துப்போட்டு நாடோடியாத் திரியப் போறியோ?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து கேட்டார்: "எத்தினை பேர் படுக்கலாம் தம்பி?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு வண்டியைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இரண்டு பேர் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஐம்பதைத் தாண்டியவன், தலை நரைத்தவன், பெண்சாதியோடு தனியே காட்டுக்குள் போய்ப் படுக்க ஊர்க் காணியை விற்றிருக்கிறான் என்று அந்தக் கடைக்குள் நின்று எப்படிச் சொல்வது?

"நாலு பேர் வசதியாப் படுக்கலாம்" என்றேன். அதுவும் போதாதது போல இருந்தது. "பக்கத்திலை கூடாரம் இழுத்தா ஆறு பேர்."

"பிறகென்ன!" என்றார் அண்ணை. "லூர்துக்கு இனி அறை தேடித் திரியத் தேவையில்லை."

"என்ரை மாமியை உள்ளுக்கை படுக்க விடலாம், அவவுக்கு முழங்கால் ஏலாது" என்றார் முருங்கைக்காய் அக்கா.

"தேர் அண்டைக்குத் தண்ணீர்ப் பந்தலுக்கும் நல்லது" என்று இறைச்சி வெட்டுகிறவர் உள்ளேயிருந்து சொன்னார்.

மைத்துனன் என் தோளில் தட்டினான். "அத்தான், இப்பிடி ஒரு விசயத்தை எனக்குச் சொல்லாமல் வைச்சிருந்திட்டியளே! கேஸ் அடுப்பு என்ரை பொறுப்பு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் பார்க்க வருகிறான் என்று மட்டும் சொன்னேன். "அவன் ஏன்?" என்றாள். "எஞ்சின் பாக்க" என்றேன். கரவானில் எஞ்சின் கிடையாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

பார்க்கப் போன நாளை மைத்துனன் கலண்டர் பார்த்துக் குறித்தான். குறித்த நேரத்துக்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டோம். இராகுகாலம் முடியவில்லை. ஆகவே விற்பனை நிலையத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டு மூன்று பேரும் உள்ளேயே இருந்தோம். விற்பனைக்காரர் கண்ணாடிக்கு அப்பால் நின்று எங்களையே பார்த்தார். ஒரு தடவை வெளியே வந்து கதவைத் தட்டி, ஏதும் உதவி வேணுமா என்று கேட்டார். இராகுகாலத்தை எந்தப் பிரெஞ்சில் சொல்வது? "ரெலிபோன் கதைக்கிறம்" என்றேன். ஒருவர் கையிலும் ரெலிபோன் இல்லை.

அவர் காட்டிய முதல் கரவான் மனைவி கண்ட வகைதான். புதியது. ஏறும் படிக்குக் கீழே நாங்கள் சப்பாத்தைக் கழற்றினோம். வீடு என்றால் அப்படித்தானே கால் பழகியிருக்கிறது. "தேவையில்லை, தேவையில்லை" என்றார் அவர். அதற்குள் மூன்று சோடி சப்பாத்து வரிசையாக நின்றது. என் காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. பின்னால் காத்திருந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம் சப்பாத்துகளைப் பார்த்தது, பிறகு என் விரலைப் பார்த்தது. நான் விரலை மடக்கிக்கொண்டு உள்ளே ஏறினேன்.

மனைவி எல்லா லாச்சிகளையும் இழுத்துப் பார்த்தாள். சின்ன அடுப்புக்கு முன்னால் நின்றாள். "இதிலை தேத்தண்ணி வைக்கலாம். பாணைச் சூடாக்கலாம். அவ்வளவுதான்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சந்தோசமாகச் சொன்னாள். பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, நாங்கள் இறங்கியதும் கையை நீட்டிக் கதவைச் சாத்திப் பார்த்தாள். நானும் மைத்துனனும் கதவுக்கு வெளியே நின்றோம்.

மைத்துனன் என்னைப் பார்த்தான். "என்ன அத்தான், இது ரெண்டு பேருக்கல்லோ? கடையிலை ஆறு எண்டனீங்கள்?"

நான் உடனே விற்பனைக்காரரிடம் திரும்பி, இதைவிடப் பெரிது இருக்கிறதா, ஆறு பேருக்கு, என்று கேட்டேன். அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்துவிட்டு, "ஆனால் ரெலிபோனில் மதாம் இரண்டு பேருக்கு என்றுதானே சொன்னார்?" என்றார். "இல்லை, ஆறு" என்றேன். என் பிரெஞ்சு அன்றைக்கு மிகத் தெளிவாக இருந்தது. உள்ளே அவளுக்குக் கேட்டது.

பெரியது வெளியே, முற்றத்தில் நின்றது. அதிலும் உயர்ந்த சில்லுகள். பொத்தானை அமர்த்தியதும் பக்கவாட்டிலிருந்து ஒரு முழுக் குசினி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அகன்ற அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, வெட்டுப் பலகை, மேலே சீலைப் பந்தல். மைத்துனன் கைதட்டாத குறை.

"அக்கா, இஞ்சை வந்து பாருங்கோ! இதிலை நிண்டு நீங்கள் ஐம்பது பேருக்குச் சமைக்கலாம். காத்தும் வரும்!"

"ஓம்" என்றாள். "காத்து வரும்."

பிறகு நடந்து போய்க் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். விற்பனைக்காரர் பொத்தானை அமர்த்தி, அந்தக் குசினியைத் திரும்ப உள்ளே அனுப்பினார். அது முழுதாக உள்ளே போகும் மட்டும் நான் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

வீட்டில் தம்பி போன பிறகுதான் கதைத்தாள்.

"நான் கேட்டது ஆருக்கும் சோறு போடாத நாலு நாள். சாத்தினா சாத்தின மாதிரி நிக்கிற ஒரு கதவு. நீங்கள் அதையும் எங்கட ஹோல் மாதிரி ஆக்கிப்போட்டியள்."

"சனம் கேக்கேக்கை என்னண்டப்பா..."

"வாங்கிறதெண்டா ரெண்டு பேருக்கு. எல்லாருக்கும் அதை நீங்கள் சொல்லோணும். நான் சொன்னா நான் கெட்டவள். சொல்ல ஏலாதெண்டா விடுங்கோ, நானும் விட்டிடுறன். பிறகு ஒருநாளும் கேக்க மாட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். பிறகு ஒருநாளும் கேட்க மாட்டாள். அதுதான் என்னை உலுக்கியது.

அதன் பின் பல கிழமைகள் நான் யோசித்தேன். பின்பக்கமாக எடுக்கத் தெரியுமா? காற்றடித்தால் கவிழுமா? எங்கள் மாடித் தொடருக்குக் கீழே நிறுத்தினால் விடியச் சில்லு இருக்குமா? காட்டில் பொலிஸ் வந்து பத்திரம் கேட்டால் என்ன சொல்வது? கரவானில் வாழ்கிறவர்களைக் கண்டாலே எங்கள் நகரத்தில் முகம் சுளிப்பார்கள். நாளைக்கு என்னையும் பார்த்து அப்படிச் சுளிப்பார்களா? குசினியில் வெங்காயம் நறுக்கும்போதும் இதே யோசனை. ஒவ்வொரு பயமும் உண்மையான பயம்தான். ஆனால் அவை ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்க எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. அவை தீரும்வரை நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை அல்லவா.

கடைசியில் மைத்துனனே வழி திறந்தான். ரூ காயில் காருக்குள் அரிசி மூட்டையை ஏற்றியபடி, "அத்தான், கூடாரம் நல்லதொண்டு பாத்து வைச்சிருக்கிறன்" என்றான்.

"தம்பி, கூடாரம் வேண்டாம். அந்தச் சின்னனைத்தான் யோசிக்கிறம். ரெண்டு பேருக்கு."

"ஆர் ரெண்டு பேர்?"

"நானும் அக்காவும்."

சிரித்தான். "சரி, பிறகு?"

"பிறகு ஒருத்தரும் இல்லை."

சிரிப்பு நின்றது. மூட்டையைப் பாதி வைத்தபடி நின்றான். "அக்கா சொன்னவவோ?"

அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்வது எவ்வளவு சுகம். எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள், பாவம், மனிசி சொல் கேட்கிறவன் என்று. நான் நல்லவனாகவே இருக்கலாம். ஓம் என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லை. நான்தான்" என்றேன். "எனக்குத்தான் ஆக்கள் வேண்டாம்."

அவன் என்னைக் கனநேரம் பார்த்தான். "உங்கட ஹோலிலை வருசக்கணக்கா படுத்தனான் அத்தான். அப்பவும் உங்களுக்கு வேண்டாமெண்டுதான் இருந்ததோ?"

அவன் மூட்டையை ஒழுங்காகத் தள்ளி வைத்து, கதவைச் சாத்தி, மெட்ரோப் பக்கமாக நடந்தான்.

கதை எனக்கு முன்னால் ஓடியது. அடுத்த கிழமை கடைக்குள் நுழையும்போதே அண்ணை, "விலத்துங்கோ, விலத்துங்கோ, புதுமாப்பிளை வாறார்" என்றார். முருங்கைக்காய் அக்கா என்னைக் காணாதது போல வெண்டிக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாங்க வந்ததில் பாதியை மறந்து வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி குடும்பத்தோடு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். அந்த ஞாயிறு வரவில்லை. மனைவி வழக்கம் போல எல்லாருக்கும் சமைத்திருந்தாள். சட்டிகள் மேசையில் மூடியபடி இருந்தன.

"என்ன சொன்னனீங்கள் அவனுக்கு?"

சொன்னேன். "நான்தான்" என்று சொன்னதையும் சொன்னேன். அதில் எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஹோலிலை படுத்ததைக் கேட்டவனோ?"

"ஓம்."

கதிரையில் உட்கார்ந்தாள். "நான் அவனை ஒருநாளும் வேண்டாமெண்டு நினைக்கேல்லை. ஒருத்தரையுமே நினைக்கேல்லை. களைச்சுப் போனன், அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாமே நீங்கள்."

அந்த ஒரு சொல் எனக்குத் தோன்றவேயில்லை. அவளுடைய களைப்பை நான் ஒரு காரணமாகவே எண்ணியிருக்கவில்லை. இத்தனை கிழமையும் யோசித்ததில், கவிழுமா, களவு போகுமா, சனம் என்ன சொல்லும் என்பதெல்லாம் இருந்தன. அவள் களைத்திருப்பது இருக்கவில்லை. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டி மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ரெலிபோனை எடுத்தாள்.

"தம்பி, அது அத்தானில்லை. நான்தான் கேட்டனான்... ஓம்... ரெண்டு பேருக்குத்தான்... இல்லையடா, உன்னில என்ன கோவம். எனக்குக் களைப்படா. சரியான களைப்பு. நாலு நாள் ஒருத்தரும் 'அக்கா' எண்டு கூப்பிடாமல் இருக்கோணும்... கோவமெண்டா கோவி. கோவிச்சுக்கொண்டு வந்து சாப்பிடு. கணவாய்க் கறி கிடக்கு."

அவன் வந்தான். பெண்சாதி பிள்ளைகளோடு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். அக்காவின் முகத்தை மட்டும் இடைக்கிடை பார்த்தான், புதிதாக ஒரு நோய் பிடித்தவரைப் பார்ப்பது போல. சாப்பிட்டு முடிய, தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தான். அதை நான் அந்த வீட்டில் முதல் தடவையாகக் கண்டேன். என்னுடையது மேசையிலேயே கிடந்தது. எழுந்து போய் நானும் கழுவினேன்.

பிறகு அவன் சுவரைப் பார்த்தபடி, "அத்தான், கராஜிலை கணக்குப் பாத்தனான், உங்கட கார் அதை இழுக்காது. தெரியுமோ?" என்றான்.

எத்தனை பயத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். இந்த ஒன்று அதில் இருக்கவில்லை. "தெரியும்" என்றேன்.

"என்னண்டு தெரியும்? தெரிஞ்சா அதைப் பாக்க அந்தக் காரிலையே போவியளோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மனைவி மிஞ்சிய கறியைச் சின்னச் சட்டிக்கு மாற்றிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"அப்ப காரையும் மாத்துங்கோ."